ஹல்லொலுவப் பாதையில் கேட்காத மணி

இதை யார் கண்டெடுத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக என் உம்மாவின் கண்ணில் படக் கூடாது. இது நான் அவரிடம் வாயால் சொல்ல வேண்டிய விஷயம். அவர் தாளில் படித்துத் தெரிந்துகொண்டால் என்னால் தாங்க முடியாது.

என் தங்க வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களிடம் பேச எனக்கு வேறு வழியில்லை. ஆண்கள் மையவாடிக்குப் போய் உங்கள் கபுரடியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். நாங்கள் வீட்டிலிருந்து யாசீன் ஓதுகிறோம். ஓதி முடித்த பிறகும் எனக்குச் சொல்ல மிச்சம் இருக்கிறது. விஞ்ஞானக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து எழுதுகிறேன். வெளிச்சம் வெளியே போகாமல் கதவடியில் துவாயைச் சுருட்டி வைத்திருக்கிறேன். அடுத்த அறையில் உம்மா புரண்டு படுத்தாலும் என் கை நின்றுவிடுகிறது.

உம்மாவுக்கு இன்றோடு இத்தா முடிந்தது. நீங்கள் மவுத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் ஆகிவிட்டன. இத்தனை நாளும் அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடுகள் கட்டத் தொடங்கியிருப்பதைக்கூட ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார். நாளைக் காலையில் முதன்முதலாக வெளியே போகப் போகிறார். எங்கே தெரியுமா? அக்குறணைக்கு, மாமி வீட்டுக்கு. உங்களோடு கூடப்பிறந்த அந்த ராத்தாவின் கையைப் பிடித்து மாப்புக் கேட்கப் போகிறார்.

உங்களைத் தான்தான் சாகடித்துவிட்டதாக உம்மா நினைக்கிறார், வாப்பா. அப்படி இல்லை என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கிளம்புவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு அவர் என்னை எப்படிப் பார்ப்பார்?

அந்த அரிசி மூட்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு நீங்கள் கீழே ரோட்டில் வேனை நிறுத்தியபோது, மூட்டையையும் கையோடு கொண்டுவரச் சொல்லி உம்மா மேலேயிருந்து கூப்பிட்டார். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஐம்பத்திரண்டு படிக்கட்டு. தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தீர்கள். சாப்பிட்டீர்கள். கதிரையில் சாய்ந்தீர்கள். பிறகு எழும்பவில்லை.

ஏழாம் நாள் கத்தம் ஓத வந்த மாமி எல்லாப் பெண்களுக்கும் முன்னால் கேட்டார்: "மூட்ட தூக்க ஒரு கூலியாள் கெடைக்கல்லையா மதினி?" உம்மா வாயைத் திறக்கவில்லை. அந்த மூட்டையின் வாயையும் இன்றுவரை பிரிக்கவில்லை. குசினி மூலையில் அப்படியே இருக்கிறது. நாங்கள் கடையில் இரண்டு இரண்டு கிலோவாக அரிசி வாங்கிச் சமைக்கிறோம்.

ஆனால் அது படியில் தொடங்கவில்லை, வாப்பா. அதற்கு மூன்று கிழமைக்கு முன்னால், நம் சைக்கிள் பயணத்தில் தொடங்கியது.

டிசம்பர் லீவில் உங்கள் ஸ்கூல் வேனுக்கு ஓட்டம் இல்லை. வருஷம் முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே காலம் போகிறது, ஒரு தடவையாவது மகாவலியோடு மெதுவாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நாவலப்பிட்டியில் வேனிலிருந்து சைக்கிள்களை இறக்கினோம். உங்கள் கூட்டாளி வேனை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து கம்பளை, கெலிஓயா, பேராதனை, பிறகு நம் கட்டுகஸ்தோட்டை. வேனில் ஒன்றரை மணித்தியாலம் வரும் பாதைக்கு நாம் மூன்று நாள் வைத்தோம். வயசுக்கு வந்த பெரிய பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவதா என்று மாமி போனில் ஏசினார். அன்றைக்கு நமக்காகப் பேசியது உம்மாதான்.

முதல் நாள் உலப்பனையில் பிளேன்டீ குடித்தோமே, அந்தக் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்த்துக் கேட்டார்.

"நாவலப்பிட்டியிலேருந்து கண்டிக்கா? ஏங்க, இன்னிக்கு பஸ் ஓடலையா?"

"பஸ்ஸெல்லாம் ஓடுது அண்ணன். நாங்கதான் ஓடல்ல."

அவர் பிளேன்டீக்கு இன்னொரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டார். அன்றிரவு கம்பளையில் உங்கள் கூட்டாளியின் மச்சான் வீட்டில் தங்கினோம். அவரும் கேலி பண்ணினார். அதற்கு நீங்கள் சொன்னது: "ராசாமாருக்கு தலைநகரத்த கம்பளையிலேருந்து கண்டிக்குக் கொண்டு வர நூறு வருஷத்துக்கு மேல போயிருக்கி. நாங்க மூணு நாள்ல வாறதே அவசரம்." நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மூக்கால் வந்தது.

எப்போதும் நான் முன்னால், நீங்கள் பின்னால். உங்கள் சட்டம் அது. முன்னால் போகிறவள் வேகத்தைத் தீர்மானிப்பாள், பின்னால் வருகிறவர் மணி அடிப்பார். ஒரு மணி என்றால் 'நான் இருக்கிறேன்'. இரண்டு மணி என்றால் 'நில்'. இரண்டு நாளும் அந்த ஒற்றை மணி என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் உங்கள் மணி. நான் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

மூன்றாம் நாள் பேராதனையில் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். நீங்கள் மணி அடித்தீர்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். அவர்களைத் தாண்டியதும் நான் பிரேக் பிடித்து, "வாப்பா, மணி அடிக்காதீங்க. பால்காரன் மாதிரி ஈக்கி" என்றேன். உங்களுக்குக் கோபம் வரவில்லை. "சரி மகள், இனி மணி ஊமை" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

யாரோ நடக்கிற சத்தம். விளக்கை அணைத்துவிட்டு இருந்தேன். இப்போது ஒன்றுமில்லை. விளக்கைத் திரும்பப் போட்டு எழுதுகிறேன்.

ஹல்லொலுவப் பாதையில் மூங்கில் நிழல். ஆறு பக்கத்திலேயே வந்தது. நான் நன்றாக மிதித்தேன். உடும்பைவிடப் பெரிய ஒரு கபரகொய்யா ரோட்டைக் குறுக்கே கடந்தது. உங்களுக்குக் காட்டத்தான் திரும்பினேன். ரோடு வெறுமையாக இருந்தது.

திரும்பி மிதித்தேன். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. மதகுக் கட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். சைக்கிள் புல்லில் கிடந்தது. உங்கள் சட்டை ஆற்றில் முக்கி எடுத்த மாதிரி நனைந்திருந்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் முகத்தில் அந்த நிறத்தை நான் முன்பு பார்த்ததில்லை.

"வாய்வு மகள். கெலிஓயாவுல தின்ட பருப்பு வடையிட வேல."

ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தேன். குடித்தீர்கள். ஏப்பம் விட்டு, "பாத்தியா, போயிட்டு" என்றீர்கள். நானும் நம்பினேன். நம் வீட்டில் யாருக்கு நெஞ்சு பிடித்தாலும் அது வாய்வுதானே. பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்.

"உம்மாக்குச் செல்லாத. செல்லிட்டா அடுத்த லீவுல பொலன்னறுவப் பயணம் இல்ல. சைக்கிள் ரெண்டையும் வித்துட்டுத்தான் மறுவேல பாப்பா."

நான் சத்தியம் பண்ணினேன். பயத்தில் பண்ணவில்லை, வாப்பா. பொலன்னறுவைக்கு ஆசைப்பட்டுப் பண்ணினேன். சைக்கிள்களை உருட்டிக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தோம். ஏன் இவ்வளவு பிந்தியது என்று உம்மா கேட்டபோது, டயரில் காற்றுப் போய்விட்டது என்று முந்திக்கொண்டு பொய் சொன்னதும் நான்தான்.

அந்த மதகில் உட்காருவதற்கு முன்னால் உங்கள் விரல் மணிக்குப் போனதா? நான் சொன்னதற்காகத்தான் அடிக்காமல் விட்டீர்களா?

மூட்டை தூக்கிய அன்றிரவு ஆஸ்பத்திரியில் டாக்டர் உம்மாவிடம், இதற்கு முதல் இவருக்கு நெஞ்சு வலித்ததா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் உம்மா. நான் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு வருகிற பெண்களிடமெல்லாம் உம்மா இதைத்தான் சொல்கிறார்: "மூணு நாள் சைக்கிள் மிதிச்சிட்டு வந்த மனிசன். ஒரு தும்மல்கூட இல்ல. நான்தான் அந்த மூட்டைய ஏத்தினேன்." ஒவ்வொரு தடவையும் நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். அங்கே மூட்டை இருக்கும்.

நான் பயப்படுவது ஏச்சுக்கு இல்லை. மூன்று கிழமை இருந்தது, வாப்பா. உம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே உங்களை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்திருப்பார். அதை அவர் யோசிக்காமல் இருப்பாரா? "மூணு கெழம ஈந்திச்சே மகள்" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். நான் அதற்கு என்ன பதில் சொல்வேன்?

ஆனால் நான் பேசாமல் இருந்தால், நாளை உம்மா தலையைக் குனிந்துகொண்டு மாமியின் முன்னால் நிற்பார். செய்யாத ஒன்றுக்காக. மாமி மன்னித்துவிட்டேன் என்று சொன்னாலும் அது அவர் தலையில் நிலைத்துவிடும். மன்னிக்கப்பட்டது என்றால் செய்தது என்றுதானே அர்த்தம்?

உங்கள் சைக்கிளில் முன் டயர் காற்றில்லாமல் இருக்கிறது. நேற்று யாரும் பார்க்காத நேரம் மணியைத் தொட்டுப் பார்த்தேன். அடிக்கவில்லை.

ஆகவே வாப்பா, உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தை முறிக்கப் போகிறேன். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக இன்னொரு சத்தியம் தருகிறேன். எனக்குப் பின்னால் யார் வந்தாலும், சத்தம் நின்றால் திரும்பிப் பார்ப்பேன். உம்மாவின் பழைய சத்தம் நின்று நாலு மாதமாகிறது. விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்து அவர் பாயை மடிக்கும்போது

குசினியில் ஏதோ இழுபடுகிறது. சீமெந்துத் தரையில் சாக்கு உரசுகிற சத்தம்.

உம்மா மூட்டையை இழுக்கிறார். அதையும் அக்குறணைக்குக் கொண்டுபோகப் போகிறாரா? இந்த நேரத்தில், தனியாக, அந்த ஐம்பத்திரண்டு படியில்?

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் போய்விட்ட
மகள்

கதவைத் தட்டுகிறார். இரண்டு தட்டு.

"மகள், நீ முழிச்சி ஈக்கிறது எனக்குத் தெரியும். இந்த மூட்டைக்கு ஒரு கை தா."

வாப்பா, போறேன். தூக்குறதுக்கு முந்தியே சொல்லி