அன்செல்மோ வீட்டு வாசலில் நின்ற நீலக்கோடு

சாவோ பாவ்லோ,
ஆகஸ்ட் 18

அன்பு மகள் தாலிட்டாவுக்கு,

லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்களுக்குக் குறையில்லை. அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, சனிக்கிழமை ஃபெய்ஜோவாடாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

நம் தெருவில் ஒரு புதுமை. ஜுசாரா என்ற ஓவியப் பெண் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, தார்ச்சாலைக்கு அடியில் புதைத்த நம் ஓடை எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடித்து, அதன் மேலேயே நீலக்கோடு வரையலாம் என்றாள். ஞாயிறு காலை, கார்கள் ஓடாத நேரத்தில், தெருவிலுள்ள இரும்பு மூடிகளில் காது வைத்துக் கேட்டோம். நாடி பார்ப்பது போலத்தான், எல்லா இடத்திலும் துடிக்காது, சரியான இடம் அகப்பட்டால் விடாமல் துடிக்கும். பேக்கரி வாசலில் தெளிவாகச் சலசலத்தது! வீட்டுக்கு வந்து, கசக்கிய காகிதத்தில் காபியை ஊற்றி, தண்ணீர் எப்படிப் பள்ளம் தேடும் என்று அம்மாவுக்குக் காட்டினேன். "மேஜை விரிப்பைத் துவைக்கப்போறது உங்க ஓடையா, நானா?" என்றாள்.

கோடு அடுத்த வீட்டு அன்செல்மோவின் வாசலுக்கு வந்ததும் சிக்கல், ஓடை அங்கே திரும்பி அவர் வீட்டுக்கு அடியில்தான் போகிறது. மனைவி போன பிறகு தனியாகக் கிடக்கிறவர், வீட்டை விற்றுவிட்டு சாந்தோஸில் மகளோடு போய் இருக்கத் துடிக்கிறார். வாசலில் கைகளை விரித்து நின்று, "வாத்தியாரே, உங்க ஆத்தை என் சமையலறையில விடாதீங்க. இதைப் பாத்தா எவன் வாங்குவான்?" என்றார். நியாயம்தானே. கோட்டை அங்கே நிறுத்தி, அவர் வீட்டுக்குப் பின்னால் அடுத்த தெருவில் மறுபடி தொடங்கினோம். நடந்ததைக் கேள். கரும்பலகையில் ஒரு வார்த்தையை மட்டும் அழித்தால் வகுப்பு முழுதும் அந்த வார்த்தையைத்தான் படிக்கப் பார்க்கும். கோட்டோடு நடந்து வந்தவர்கள் எல்லாம் அவர் வாசலில் நின்று "இங்க மட்டும் ஏன் இல்ல?" என்றார்கள். வீடு பார்க்க வந்த அம்மாளும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

அன்செல்மோவுக்குப் பொய் வரவில்லை. ஜனவரி மழையில் சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறும் என்று சொல்லிவிட்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனவள் திரும்பவில்லை. ஜுசாராவுக்கு முகமே செத்துவிட்டது, தெரு முழுக்கக் கோட்டை அழித்துவிடுகிறேன் என்றாள். அவரோ, "அழிச்சா தண்ணி வத்திருமா பொண்ணே? கேக்காம வாங்குறவ ஜனவரியில சாந்தோஸுக்கே வந்து திட்டுவா. பிரஷ்ஷைக் குடு" என்று வாங்கி, வாசலிலிருந்து கூடம் வழியாகச் சமையலறை வரை கோணல்மாணலாக அவரே வரைந்தார். இப்போது வருகிறவர்களுக்கு முதலில் ஆறு, பிறகுதான் அறைகள். நேற்று வந்த இளம் தம்பதி தரையில் படுத்துக் காது வைத்துக் கேட்டார்களாம். மழையில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். "வாங்க, பூட்ஸ் போட்டுட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். வீடு இன்னும் விற்கவில்லை. ஆனால் இரவில் நன்றாகத் தூங்குகிறேன் என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்காலம் வந்தால் வெறுங்காலோடு நிற்காதே. ஒரு ஞாயிறு காலையில் உன் தெருவிலும் குனிந்து கேட்டுப் பார், கேட்டதை எழுது. கடவுள் உங்கள் இருவரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மறந்துவிடாதே. இந்த வீடு ஒருநாள் உன் கைக்கு வரும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் உன் பழைய அறைச் சுவரில் ஏறுகிற ஈரம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. நீ விற்பதானால், வாங்க வருகிறவர்களை முதலில் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்.

அன்போடு,
உன் அப்பா
அடெமார்