காந்தள்தேவியின் துலக்குருண்டை குறித்த ஓலை

மழை தவறாத மலைகளுக்கு உரியவரும், பன்னிரு குன்றூர்களைத் தம் குடைக்கீழ் வைத்துக் காப்பவரும், எங்கள் அரசியைப் பெற்றவருமான மலையமாதேவியார் திருமுன்பு, மருதவேலி நாட்டு அரண்மனைக் கண்காணி வெண்பூதன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் தினைப்புனங்களில் கிளி குறைந்து கதிர் மிகுக. இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது முறை. எழுத்தாணி அவ்விடத்தில் நின்றுவிட்டது, பொறுத்தருள்க.

தங்கள் திருமகளார் காந்தள்தேவியார் காய்ச்சலில் மறைந்து நாற்பது நாள் ஆகிறது. அவருடைய சீர்வரிசையில் ஒரு செம்பு வெந்நீர்த் தவலை வந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதை எவர் கையிலும் கொடாமல், புளியும் சலித்த சாம்பலும் பூந்திக்கொட்டைத் தூளும் எலுமிச்சைத் தோலும், இன்னும் ஏதோ ஒரு தழையும் சேர்த்து இடித்து உருட்டிய உருண்டையால் வெள்ளிதோறும் தாமே துலக்குவார். தங்களிடம் கற்ற பக்குவம் என்பார். அந்தப்புரத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? “பட்டத்தரசி கையிலே சாம்பல்! மலைநாட்டிலே துலக்க ஆளே கிடையாது போலிருக்குடி” என்று முந்தானையால் வாய்மூடிச் சிரித்தார்கள். அதை மன்னரிடம் போய் ஊதியவன் இக்கண்காணிதான் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஊர் எதைத்தான் பேசாது!

அவர் மறைந்தபின் தவலைக்கருகே ஒரு சிரட்டையில் பாதி உருண்டை எஞ்சியிருந்தது. மன்னர் நெடுமருதர் காலைதோறும் அங்கே போய்ச் சற்று நின்று வருவார். ஏனென்று எவருக்கும் விளங்கவில்லை. பதினாறாம் நாள் சடங்குக்கு வெந்நீர் வைக்க வேண்டுமென்று, பாத்திரம் துலக்கும் சடைச்சி அந்தப் பாதியையும் கரைத்துத் தவலையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள்.

மன்னர் வந்தார், வெறுஞ்சிரட்டையைக் கண்டார். சடைச்சி மண்ணில் விழுந்து, “சாமி, துலக்குற உருண்டைன்னுதானே துலக்குனேன்! பளபளன்னு இருந்தா அம்மாவுக்குப் பிடிக்குமே சாமி!” என்று கதறினாள். தலை போகும் என்றே எல்லாரும் நின்றோம். மன்னர், “பிடிக்கும்” என்றார். அவ்வளவே.

அதன்பின் அரண்மனை மருத்துவர் மூவர் ஆளுக்கோர் உருண்டை பிடித்துக் கொண்டுவந்தனர். ஒவ்வொன்றாலும் மன்னர் தம் கையாலேயே தேய்த்தார். தவலையில் முகம் பார்க்கலாம் போல் மின்னிற்று. அமைச்சர்கள் ஆகா என்றார்கள். மன்னரோ தவலையைப் பார்க்கவே இல்லை; தம் உள்ளங்கையை முகர்ந்துவிட்டு, “இது இல்லை” என்று எழுந்து போனார்.

அப்போதுதான், தூண் மறைவில் வேலையாகவே நின்றிருந்த இக்கண்காணிக்கு உறைத்தது. துலக்கி முடித்த ஈரக்கையோடு தேவியார் வந்து மன்னர் நெற்றியில் கை வைப்பார். “பாத்திரக் கையை எடு” என்று மன்னர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தேவியார் சிரித்துக்கொண்டே இன்னொரு கையையும் வைப்பார். வேடிக்கையாகச் சொன்ன அந்தச் சொல்தான் இப்போது மன்னரை அரிக்கிறது. அவருக்கு வேண்டியது தவலையின் மினுக்கு அன்று.

ஆகவே அவ்வுருண்டையில் சேரும் தழை எதுவென்று எழுதியருள வேண்டுகிறோம். இங்குள்ள தழையெல்லாம் கசக்கியாயிற்று. கையில் பச்சை ஏறியதே மிச்சம். அடையாளத்துக்கு அச்சிரட்டையும் இவ்வோலையுடன் வருகிறது. அதைக் கேட்க இக்கண்காணிக்கு நா எழவில்லை, மன்னரே கொண்டுவந்தார். மெழுகுத் துணியிட்டுத் தாமே கட்டினார். கட்டத் தெரியவில்லை, மூன்றுமுறை அவிழ்த்துக் கட்டினார்.

இனி மன்னர் ஆணை:

சிரட்டையில் வாசம் சிறிதே எஞ்சியுள்ளது. அவிழ்த்தால் ஒருமுறைதான் வரும். அந்த ஒருமுறை பெற்றவருக்கு உரியது. ஓலை கொண்டுசெல்வோன் இதை வழியில் அவிழான். இரு நாட்டு எல்லைக் காவலரும் தொடார். மலையமாதேவியார் தனித்திருந்து திறக்க. தழையின் பெயர் நினைவுக்கு வரின் எழுதுக. கண்ணீரில் மறந்துபோயினும் குறையில்லை. சிரட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டா.

மருதப்பூ இலச்சினை மன்னர் கையால் இடப்பட்டது.