ஆரஞ்சுச் சட்டைக்காரிகளோடு முதல் ஆட்டம்

லின்ஃபீல்ட், ஆக்லாந்து
10.9.1998, வியாழக்கிழமை

அன்பு மகன் நரேந்திரனுக்கு,

அப்பா நல்லசாமி சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பத்மாவதி தங்கச்சி கைப்பட எழுதும் கடிதம். நீ சிங்கப்பூரில் வேளைக்குப் பசியாறுகிறாயா? அங்கே வெயில் என்று சொன்னாய். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. எல்லாரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. கடைசிவரை படி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், “அப்பா, சீசன் ஆரம்பிக்கப் போவுது, இந்த வருசம் எந்த டீம் எப்படி, எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுங்க” என்று கேட்டாய். உன் மகள் விஷாலினி பக்கத்திலேயே நின்றாள். இருமல் வந்த மாதிரி இருமி, போனை உன் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். இருமல் எதுவும் இல்லை. அவளுக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

நீ கேட்டதையே முதலில் சொல்கிறேன். நம்மோடு சேர்த்து மொத்தம் ஆறு டீம். அக்டோபர் மூன்றாம் தேதி சனிக்கிழமை தொடக்கம். நீ போன பிறகு நம் டீம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது கிளாராதான். நல்ல பெண். ஈப்போவில் பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் ஆடியவளாம், உன்னைப் போல. போன மாதத்திலிருந்து சனிக்கிழமை தோறும் பழகுகிறார்கள். மற்ற டீம்களும் அந்த மைதானத்துக்கு வந்து நம்மோடு ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதனால் எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது என்பதால் டீம் பெயர்கள் இன்னமும் மனதில் நிற்கவில்லை. சட்டைதான் எனக்கு அடையாளம். நீ புரிந்துகொள்வாய்.

பச்சைச் சட்டைக்காரிகள் போன வருசம் இரண்டாவது. அடி பலம், ஓட்டம் மோசம். அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற அந்தச் செம்பட்டை முடிப் பெண் கிறைஸ்ட்சர்ச் போய்விட்டாளாம். புதிதாக வந்தவள் பந்து தரையில் குத்தி எழும்பினால் முகத்தைத் திருப்புகிறாள். பச்சைக்கு இந்த வருசம் கஷ்டம்.

மஞ்சள் சட்டையில் அந்த சமோவா அக்கா தங்கை இரண்டு பேரும் இருக்கிறார்கள். போன நவம்பரில் பெரியவள் வேலிக்கு வெளியே மரத்தில் அடித்தாளே, பந்து கிளையில் மாட்டிக்கொண்டதே, அந்தப் பெண். இப்போது சின்னவளும் அதே அளவு வளர்ந்துவிட்டாள். அவர்கள் அம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, உன் மகன் எப்போது வருவான் என்று கேட்டது. டிசம்பர் என்றேன்.

வெளிர்நீலச் சட்டை, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆல்பனியிலிருந்து வருகிறவர்கள். பாதிப் பேர் புது முகம். அவர்கள் பயிற்சிக்காரர் கத்துகிற கத்தலில் பிள்ளைகளுக்குக் கால் பின்னுகிறது. அவர்களைப் பற்றிப் பயமில்லை.

கறுப்புச் சட்டை போன வருசம் கோப்பை எடுத்தது. இந்த வருசம் எடுக்காது. ஏன் என்று கீழே வருகிறது.

ஆரஞ்சுச் சட்டைதான் நமக்கு முதல் ஆட்டம். பத்து ஆட்டத்தில் ஒன்பது தோற்றவர்கள். கிளாரா சிரித்துக்கொண்டே, “ஆரஞ்சுதானே அங்கிள், காலை நீட்டிக்கிட்டு உக்காருங்க. விஷாவை முதல்ல இறக்கப் போறேன்” என்றாள்.

நரேந்திரா, போன சனிக்கிழமை அந்த ஆரஞ்சுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒருத்தி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து காலில் சப்பாத்துக் கயிறு கட்டினாள். எழுந்து நின்றாள். வலது உள்ளங்கையைத் தொடையில் மூன்று தடவை துடைத்தாள். அவ்வளவுதான், எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. முடியைக் குட்டையாக வெட்டி, வேறு நிறச் சட்டை போட்டிருந்தாள். அந்த நெட்டைப் பெண். கறுப்புச் சட்டைக்கு எறிந்தவள். பந்தைத் தோளுக்கு மேல் வீசாமல், கையைக் கீழிருந்து ஒரு சுற்று சுற்றி எறிகிறார்களே, அதில் அவள் கை கண்ணுக்கே தெரியாது. பந்து கையை விட்டதும் தெரியாது, வந்ததும் தெரியாது. வேகமாக எறியப் போகிறாள் என்றால் மட்டும் மூன்று தடவை துடைப்பாள். இல்லாவிட்டால் ஒன்று. போன வருசம் முழுக்க நான் எண்ணியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிப்ரவரியில், சிட்டியில் கரண்ட் மொத்தமாகப் போனதற்கு மறுநாள் நடந்தது கைதவறி நடந்ததுதான். நீயும் அங்கே நின்றாய். ஐந்தாவது சுற்று, விஷாலினி இரண்டு பந்தை விட்டிருந்தாள், மூன்றாவது உள்ளே வந்து இடது கன்னத்தெலும்பில் பட்டது. பெயர்தான் மெத்துப் பந்து. அந்தப் பெயரை வைத்தவன் அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். அந்த நெட்டைப் பெண் ஓடி வந்து மண்டியிட்டு நம் பிள்ளையைவிட அதிகமாக அழுதாள். டாக்டரிடம் கொண்டு போனாய், எலும்பு நன்றாக இருக்கிறது, கண்ணும் நன்றாக இருக்கிறது என்றார். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மே மாதம் நீ விமானம் ஏறும்போதும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படி.

ஜூலையில் ஒரு நாள் பிள்ளை குடிக்க மைலோ கலக்கி ஊற்றினாள். கோப்பைக்கு வெளியே போனது. பார்க்காமல் ஊற்றியிருப்பாள் என்று நினைத்தேன். மறுவாரமும் அப்படித்தான், மேசையில் அதே பக்கம். பிறகு கதவு நிலையில் இடித்தாள், இடது தோள். குளியலறைக் கதவிலும் இடது தோள். பயிற்சியில் போன வருசம் இந்த நேரம் இருபது பந்து வந்தால் பதினான்கு, பதினைந்து அடிப்பாள். போன சனிக்கிழமை இருபத்திரண்டு பந்தில் மூன்று. அந்த மூன்றும் கிளாரா மெதுவாகப் போட்டவை. மட்டையைப் பிடித்து நிற்கும்போது முன்பெல்லாம் நேராகப் பார்ப்பாள். இப்போது முகத்தை முழுக்க எறிகிறவள் பக்கம் திருப்பி, வலது கண்ணைக் கொண்டு வந்து பார்க்கிறாள். கிளாரா அதைப் பார்த்து, “ஸ்டைல் மாத்திட்டா அங்கிள்” என்றாள்.

எனக்கு அது ஸ்டைல் இல்லை என்று தெரியும். ஏன் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தேழில் எனக்கு வலது காதில் சீழ் வந்தது. ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸரிடம் காட்டினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து காட்டவில்லை. அந்தக் காது போய்விட்டது. அதற்கப்புறம் யார் பேசினாலும் முகத்தை முழுக்கத் திருப்பி இடது காதைக் கொடுத்துக் கேட்டுப் பழகிக்கொண்டேன். வேலை வாங்கும் மண்டோருக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியாது. உனக்கும் இன்றைக்குத்தான் தெரியும். சின்ன வயதில் வலது பக்கம் வந்து எத்தனையோ சொல்லியிருப்பாய், நான் வெறும் உம் கொட்டியிருப்பேன். ஒரு மாதத்துக்குள் மருந்து போட்டிருந்தால் காது தப்பியிருக்கும் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். நாற்பத்தொரு வருசமாக மறைத்துப் பழகியவனுக்கு, புதிதாக மறைக்கிறவளைத் தெரியாமல் போகுமா?

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் போய் உட்கார்ந்து, ஒரு முறுக்கை அவள் முகத்துக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் நீட்டினேன். வாங்கவில்லை. அப்படியே வைத்திருந்தேன், கை வலிக்கும்வரை. எழுந்து போய் வலது பக்கம் நீட்டினேன். பார்க்காமலே கை வந்து எடுத்துக்கொண்டது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். என்னது என்றாள். அப்புறம் அழுதுவிட்டாள். புகை மூட்டம் மாதிரி இருக்கிறதாம். ஜூன் மாதம் ஓரத்தில் தொடங்கியதாம், இப்போது பாதிக்கு மேல் வந்துவிட்டதாம். “இட்ஸ் நத்திங் தாத்தா, போயிடும்” என்று அழுதுகொண்டே சொல்கிறாள். அம்மாவிடம் சொல்கிறேன் என்று எழுந்தேன். என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அம்மாவிடமும் கிளாரா ஆன்ட்டியிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னாள். பிள்ளையின் தலை சூடாக இருந்தது. பண்ணிவிட்டேன்.

அது ஒரு தப்பு. இன்னொரு தப்பு அதற்கு முன்பே பண்ணியிருக்கிறேன். ஆகஸ்டில், டீமில் சேர நிரப்பிக் கொடுக்கிற பாரத்தை என்னிடம் கொண்டு வந்தாள். அம்மா எல்லர்ஸ்லி ஆபீஸிலிருந்து வர நேரமாகும், நாளைக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும், போன வருசம் போட்டதுதான், சைன் போடுங்க தாத்தா என்றாள். பாஸ்போர்ட்டுக்காக நீ சமையல் மேசையில் உட்கார்த்தி எனக்கு வரையக் கற்றுக்கொடுத்தாயே, அந்தக் கையெழுத்து. பெருமையாகப் போட்டேன், வால் எல்லாம் இழுத்து. நகல் என் பெட்டியில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பத்மாவதியிடம் காட்டினேன். கண், காது, எலும்பு எதிலாவது பழுது உண்டா, பழைய அடியால் தொந்தரவு உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று கட்டத்தில் கோடு போட்டிருக்கிறது. அதற்குக் கீழே நல்லசாமி. பத்மாவதி வாசித்துவிட்டு, “ஐயா, இது உங்கட கையெழுத்துத்தானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நேற்றும் இன்றும் எனக்கு அந்த மூன்று துடைப்புதான் கண்ணில் நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. பாதிக் கண்ணில் புகையோடு நம் பிள்ளை முதல் ஆளாக நிற்கிறாள். பந்து வரும் பக்கம்தான் அவளுக்கு இருட்டு. போன தடவை பார்த்தும் விலக முடியவில்லை. இந்தத் தடவை பார்க்கவே முடியாதே, சாமி. சோறு இறங்கவில்லை. மருமகள், “ஏன் மாமா சாப்பாடு அப்படியே இருக்கு, உப்பு கூடிப் போச்சா?” என்று கேட்கிறது. அதனிடம் பொய் சொல்ல எனக்கு இனி முடியாது.

ஏன் மறைக்கிறாய், ஆட்டம் போனால் போகட்டுமே என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். “அப்பா டிசம்பர்ல என் ஹிட்டிங் பார்க்கத்தானே லீவு போட்டு வர்றாரு” என்றாள். நீ போனில் ஒவ்வொரு ஞாயிறும் அவளிடம் முதலில் கேட்பது ஆட்டத்தைப் பற்றித்தான். ஆசையாகத்தான் கேட்கிறாய், எனக்குத் தெரியும். நீ பேசி முடித்ததும் ரிசீவரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். அதை நீ பார்க்கவில்லை, நான் பார்க்கிறேன்.

பத்மாவதி இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, “ஐயா, சத்தியம் பண்ணிப்போட்டு இப்ப வாயாலதானே எனக்குச் சொல்லுறியள்” என்கிறாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். அம்மா பெயரைச் சொன்னாள், கிளாரா பெயரைச் சொன்னாள். உன் பெயரை அவள் சொல்லவில்லை. எழுதத் தெரியாத கிழவன் எப்படிச் சொல்லப் போகிறான் என்று விட்டாளோ, நீ ஒருவன் தெரிந்துகொள்ளட்டும் என்றே விட்டாளோ, எனக்குத் தெரியாது. மூன்று நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதம் நாளைக் காலை விரைவுத் தபாலில் போகும். கையில் கிடைத்த அந்த நிமிடமே மருமகள் யுவனேஸ்வரியின் ஆபீஸுக்குப் போன் பண்ணி, கண் டாக்டரிடம் நாள் வாங்கச் சொல். வீட்டுக்குப் பண்ணாதே. இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் உன்னிடமிருந்து சத்தம் வராவிட்டால், நானே மருமகளிடம் சொல்லிவிடுவேன். பிள்ளை தலையில் கைவைத்துச் சொன்ன சொல்லை மீறினால் என்ன வருமோ, அது என் தலையில் வரட்டும். பாரத்தில் இருக்கும் பொய்யையும் கிளாராவிடம் நானே போய்ச் சொல்கிறேன். அது என் பெயரில்தான் இருக்கிறது.

விஷாலினியோடு நீ தனியாகப் பேசு. டாக்டர் என்ன சொன்னாலும், அவள் மட்டையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், நீ வருவாய் என்று உன் வாயால் சொல். டிசம்பருக்குக் காத்திருக்க முடியாது என்று சொன்னால் இன்னும் நல்லது. நான் இதுவரை உன்னை வா என்று கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன், ஐயா. வா.

நீ நீடூழி இருக்க வேண்டும். எங்கே நின்றாலும் உன் பிள்ளை உன்னை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். அது ஒன்றைத்தான் காலையில் விளக்குக்கு முன்னால் கேட்கிறேன்.

கீழே கையெழுத்து நான் போடுகிறேன். இந்தத் தடவை, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பத்மாவதியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லி, இடது காதால் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
நல்லசாமி