குனிந்தது நான்

அக்டோபர் 9, வியாழன்

"நாய் துரத்துனா இன்னா பண்ணுவீங்க மிஸ்?" ஓய்வு பெற்று நான் சைக்கிள் வாங்கிய வாரம், பழைய மாணவி பவ்யா கேட்டது. கல் எடுப்பதுபோலக் குனிவேன், ஓடிவிடும் என்றேன். இன்று முத்தாபுதுப்பேட்டை சாலையிலும் குனிந்தேன். இரண்டு நாய்கள் ஓடின. தரையில் கல்லே இல்லை.

ஞாயிறு ஜவ்வாது மலை. வழக்கம்போல அமல்ராஜ்தான் எங்கள் சைக்கிள் குழுவுக்கு முன்னால். பூந்தமல்லியில் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

இறக்கத்தில் அமல்ராஜ் முன்னால், அடுத்து நான். மற்றவர்கள் வெகுதூரம் பின்தங்கிவிட்டார்கள். வளைவில் சீத்தாப்பழ மரங்கள். அவர் பிரேக் பிடித்தார், கீச்சென்றது. இருபதடியில் கரடி. முதுகில் ஒரு குட்டி, மரத்தடியில் இன்னொன்று.

"ஆடாத நில்லுங்க டீச்சர்" என்றார், திரும்பாமலே. கரடி பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திப் பழத்தை முகர்ந்தது. போய்விடும்போல இருந்தது.

நான் குனிந்தேன்.

ஏன்? யோசித்தா செய்தேன்? கை தானாகத் தரைக்குப் போனது. அது உறுமிக்கொண்டு பாய்ந்தது — முன்னால் நின்றவர் அவர். சைக்கிளோடு சாய்த்துவிட்டது. தோளில், முன்கையில் நகம். நான் கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. கரடி விலகிக் குட்டிகளோடு புதருக்குள் போய்விட்டது.

அக்டோபர் 13, திங்கள்

இருபத்திரண்டு தையல். உயிருக்கு ஆபத்தில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி ரேணுகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் கத்தலன்னா இந்த ஆளு இன்னிக்கி போட்டோவாயிருப்பாரு டீச்சர்."

நான் குனிந்ததைச் சொல்லவில்லை.

அக்டோபர் 15, புதன்

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

அமல்ராஜ் வீடு திரும்பிவிட்டார். இன்றும் பார்க்கப் போனேன். "ஊர் சைக்கிளையெல்லாம் பார்க்குறவன், என் பிரேக்க வுட்டுட்டேன். அந்த சத்தத்துலதான் அது மெரண்டுச்சு. இனிமே யாரையும் கூட்டிகினு போமாட்டேன் டீச்சர். மெக்கானிக்குன்னு சொல்லிக்கவே வெக்கமா கீது."

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விஜய் எழுதியிருக்கிறான்: 'பிரேக்கைக்கூடப் பார்க்காதவரை நம்பியா மலைக்குப் போனோம்?' பலர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

நான் குனிந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒருவன் ஜன்னலை உடைக்க, பக்கத்து பெஞ்சுக்காரன் முட்டி போட்ட வகுப்புகள் எனக்குத் தெரியும். உடைத்தவன் அன்று முழுக்கச் சமர்த்தாகப் பாடம் எழுதுவான். நானும் அதைத்தானே செய்கிறேன் — தினமும் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்!

அக்டோபர் 18, சனி

சொல்லிவிட்டேன். ரேணுகா எழுந்து உள்ளே போனாள். வரவேயில்லை.

அமல்ராஜ் கட்டுப் போட்ட தன் கையைப் பார்த்தார். "கரடிக்குப் போயி கல்லு எடுத்தீங்களா? சொறிநாய்னு நெனச்சிகினீங்களா?" சிரிக்கப் போய்த் தோள் வலித்தது அவருக்கு. பிறகு மெதுவாக, "அப்போ என் பிரேக்கு இல்ல?"

"இல்லை."

"சத்தியமா டீச்சர்?"

"சத்தியமா."

குழுவிலும் எழுதிவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ரேணுகா இன்னும் பேசுவதில்லை. நியாயம்தான்.

காலையில் குழு கிளம்பும் இடத்துக்கு அமல்ராஜ் கட்டோடு வந்தார், சைக்கிள் இல்லாமல். எல்லார் பிரேக்கையும் ஒற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார். யார் யாருக்குப் பின்னால் என்று வரிசை சொன்னார். என்னைக் கடைசியில் போட்டார்.

கிளம்புமுன் எல்லாரிடமும் சொன்னேன்: கரடியைக் கண்டால் குனியாதீர்கள், திரும்பி ஓடாதீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள். அந்த நொடியில் உடம்பு பழகியதைத்தான் செய்யும்; இன்றே வீட்டு மொட்டை மாடியில் சைக்கிளை முன்னால் பிடித்தபடி பத்தடி பின்னோக்கி நடந்து பாருங்கள்.