ஏழாம் ஆண்டில் கேட்பார்களாம்

கூலாய்,
12 ஜனவரி 2025

அன்புத் தங்கை சிஸ்டர் கெர்ட்ரூட்டுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கு நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த ஆண்டிலிருந்து ஜொகூரில் ஞாயிறு விடுமுறை ஆகிவிட்டதால் காலைப் பூசைக்கு உட்கார இடமில்லை. தூண் ஓரத்தில் என் வழக்கமான இடத்தில் ஓர் இளம் குடும்பம் உட்கார்ந்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை. நின்றுகொண்டே பூசை கண்டேன்.

இதைப் போனில் சொன்னால் உனக்குக் கேட்காது. நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் உங்கள் மடத்துக்கு இருக்கும் ஒரே போனில் மூன்று பேரும் படிப்பீர்கள். ஆகவே தபால். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது திரு இருதயப் படத்துக்குக் கீழே வெள்ளை உருண்டை வைத்த விளக்கு ஒன்று இருந்ததல்லவா? அது பீட விளக்கு அல்ல. நீ அதன் முன் சிலுவை அடையாளம் போட்டபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். 'இசுல்' என்ற கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகர்கள் கச்சேரியில் தூக்கி ஆட்டும் விளக்கு அது. இசுல் என்றால் பனித்துளியாம். ஐந்து பெண்கள். நான் அவர்களுடைய ரசிகன்.

கோவிட் காலத்தில் பூசையை யூடியூபில் பார்த்தோமே, அப்போது வந்த வினை. ஒரு ஞாயிறு இறுதி ஆசீர் முடிந்து நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கியது. கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறையில் ஐந்து பெண்கள், ஒப்பனை இல்லாமல், வியர்த்து வழிய, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். உன் அண்ணி போய்ச் சில மாதமே ஆகியிருந்தது. வீட்டில் யாரோ வேலை செய்துகொண்டிருப்பது போல இருந்தது. அணைக்க மனம் வரவில்லை.

எழுபத்திரண்டு வயதில் இது தகுமா? ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஆயுள் முழுவதும் அளந்து அளந்து கொடுத்தவன் நான். எனக்கே இப்போது அளவு தெரியவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் அண்ணன்,
அமலதாஸ்

•

ரெங்கம்,
20 ஜனவரி 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் படித்துச் சிரித்துவிட்டேன். மற்ற இருவரும் என்னவென்று கேட்டார்கள். அண்ணன் மருந்து விவரம் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த விளக்கின் முன் நான் சிலுவை மட்டுமா போட்டேன், ஓர் 'அருள் நிறைந்த மரியே'யும் சொன்னேன். வீணாகப் போகாது. அந்தப் பெண்களுக்கே போய்ச் சேரட்டும்.

தகுமா தகாதா என்பதைப் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். எனக்கு அந்தப் பெண்களைப் பற்றித் தெரிய வேண்டும். யார் வீட்டுப் பிள்ளைகள்? எந்த வயதில் வீட்டை விட்டுப் போனார்கள்? எங்கே தூங்குகிறார்கள்? யார் கண்டிக்கிறார்கள்? பாட்டு எப்படியும் என் காதுக்கு எட்டாது, அதை விட்டுவிடுங்கள்.

எங்கள் பாலர் பள்ளிக்கு இந்த ஆண்டு ஒன்பது பிள்ளைகள்தான். சுற்றியிருந்த தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் கூலாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டன. இருக்கிற ஒன்பதில் ஒருத்தி, “சிஸ்டர், உங்களுக்கு முடி இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். நம்பவில்லை.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்,
கெர்ட்ரூட்

•

கூலாய்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள கெர்ட்ரூட்,

நீ கேட்டவற்றுக்கு முடிந்த வரை சரியாக எழுதுகிறேன். நான் படித்தவையும் பார்த்தவையும்தான்; பிழை இருக்கலாம்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். பிறகு பல ஆண்டுகள் பயிற்சி. மேடை ஏறுவோமா மாட்டோமா என்று கடைசி வரை அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தங்குவது நிறுவனத்தின் விடுதியில். கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. எடை பார்ப்பார்கள். காதல் கூடாது. மேடைக்கென்று வேறு பெயர் வைப்பார்கள். நான் அதிகம் கவனிப்பவள் நாரே. மீன் வியாபாரி மகள். நாரே என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. பாட்டில் அவள் தனியாகப் பாடுவது ஒன்றிரண்டு வரிதான். ஆனால் மற்றவள் மூச்சு வாங்கும் இடத்தில் அடியிலிருந்து தாங்குகிற குரல் அவளுடையது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஒரே இசைத்தட்டை ரசிகர்கள் பத்து, இருபது என்று வாங்குகிறார்கள். உள்ளே ஒரு சிறு படம் இருக்கும். எவள் படம் என்பது பிரித்தால்தான் தெரியும். நாரே வர வேண்டும் என்று நானும் நான்கு வாங்கினேன். வரவில்லை. வாங்கிக் கொடுத்த பக்கத்து வீட்டுக் குணாளன், “அங்கிள், நாலுலயும் ஒரே பாட்டு லா. உங்களுக்கு என்ன நாலு காதா?” என்றார். தட்டைப் போட்டுக் கேட்க என்னிடம் கருவியே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் நாரே ஒரு பையனோடு தெருவில் நடந்து போனதை யாரோ படமெடுத்துப் பரப்பிவிட்டார்கள். கோபித்த ரசிகர்கள் நிறுவனத்தின் வாசலுக்குக் கண்டன வாசகம் ஓடும் மின்பலகை கட்டிய லாரி அனுப்பினார்கள். அவள் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி வெளியிட்டாள். ரசிகர்கள் மனத்தைப் புண்படுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாள். ரசிகர்கள் என்றால் நானும்தானே? நடந்து போனதற்கு ஒரு பெண் என்னிடம் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் அவர்கள் பாட்டை வைக்கவில்லை. மூன்றாம் நாள் வைத்தேன்.

இதுதான் எனக்கு விளங்கவில்லை. அவர்களை வருத்துகிற தொழிலுக்கு நானும் தீனி போடுகிறேன். ஆனால் ஐந்து பேரும் ஒன்றாகத் திரும்பும் அந்தக் கணத்தில் முகத்தில் தெரிகிற மகிழ்ச்சி பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
அமலதாஸ்

•

ரெங்கம்,
3 மார்ச் 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

இது நாங்கள் கன்னியராகப் பயிற்சி எடுத்த நவகன்னியர் இல்லம்தான், அண்ணே. எடை பார்ப்பது ஒன்றைத் தவிர எல்லாம் எங்களுக்கும் இருந்தது. கைபேசிக்குப் பதில் கடிதம். வந்ததை மதர் படித்த பிறகே கையில் கொடுப்பார்கள், போவதை மதர் படித்த பிறகே உறை ஒட்டுவார்கள். காதலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் பெயர் மாற்றினார்கள்; இன்று ரோஸ்மேரி என்று யாராவது கூப்பிட்டால் நான் திரும்பமாட்டேன். அவர்களுக்குச் சுவரெல்லாம் கண்ணாடி, எங்களுக்குக் கண்ணாடியே கிடையாது. எது கஷ்டம் என்று யோசித்துக்கொண்டே இன்று துணி காயப்போட்டேன்.

மகிழ்ச்சி பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். விடிவதற்கு முன் எழுந்து, பாதித் தூக்கத்தில் எல்லாரும் ஒரே சுருதியில் சங்கீதம் பாடி முடிக்கும்போது ஒன்று வரும். அது மதர் கொடுத்தது அல்ல, மதரால் எடுக்கவும் முடியாது. என் காது கேட்ட காலத்தில் எனக்கு அது கிடைத்திருக்கிறது. உங்கள் பெண்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு செய்தி. இந்தப் பள்ளி ஆண்டோடு எங்கள் மடத்தை மூடுகிறார்கள். மற்ற இருவரும் இளையவர்கள், வேறு ஊர்களில் வேலை இருக்கிறது. நான் ஈப்போவுக்கு, முதிய சகோதரிகள் இல்லத்துக்கு. நேரத்துக்குச் சாப்பாடு, வாரம் ஒருமுறை டாக்டர். நல்ல இடம்.

உங்கள் பெண்களுக்கு இதெல்லாம் எப்போது முடியும்? அவர்களுக்கும் ஓர் ஈப்போ உண்டா?

ஜெபத்துடன்,
கெர்ட்ரூட்

•

கூலாய்,
30 மார்ச் 2025

அன்புள்ள கெர்ட்ரூட்,

ஈப்போ நல்ல ஊர் என்று கேள்வி. தண்ணீர் நன்றாக இருக்குமாம், உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்.

தவக்காலத்துக்காக இசுலைப் பார்ப்பதை நிறுத்தியிருக்கிறேன். செய்தி மட்டும் படிக்கிறேன். நீ கேட்டது நல்ல கேள்வி. முன்பெல்லாம் பத்து ஆண்டுக்கும் மேலாகக் கட்டிப்போட்டார்களாம். பாடகர்கள் சிலர் வழக்குப் போட்ட பிறகு, ஏழு ஆண்டுக்கு மேல் கூடாது என்று அரசு மாதிரி ஒப்பந்தம் வகுத்தது. ஏழாம் ஆண்டில் நிறுவனம் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, இருக்கிறாயா, போகிறாயா என்று கேட்கும். பெரும்பாலான குழுக்கள் அங்கேதான் உடைகின்றன. ரசிகர்களுக்கு அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் காலம். இசுலுக்கு இந்த ஆண்டுதான் ஏழு. நாரே போய்விடுவாள் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த மன்னிப்புக் கடிதத்துக்குப் பிறகு அவள் ஏன் இருக்க வேண்டும் என்று எனக்கும் படுகிறது. ஆனால் அவள் இல்லாத பாட்டை நினைத்தால் அடித்தளம் எடுத்த வீடு மாதிரி இருக்கிறது. அவள் நலனை நினைக்கிறேனா, என் நலனையா என்று தெரியாமல் குழம்புகிறேன். இதைப் பற்றி இன்னும் எழுதலாம். உனக்குச் சலிக்கும்.

அன்புடன்,
அமலதாஸ்

•

ரெங்கம்,
21 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம்.

ஈப்போவைப் பற்றி இரண்டு வரி எழுதினீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பக்கம். குறை சொல்லவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

ஏழாம் ஆண்டில் கேட்பார்கள் என்று நீங்கள் எழுதியது மனத்தை விட்டுப் போகவில்லை. எங்களையும் ஆரம்பத்தில் ஆண்டுதோறும் கேட்டார்கள். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த வார்த்தைப்பாட்டின் பொருள், அது எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

கெர்ட்ரூட்

•

கூலாய்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள கெர்ட்ரூட்,

இத்தனை மாதம் உனக்கு எழுதாமல் இருந்ததற்கு உடல்நலம் காரணம் அல்ல. எழுதி எழுதிக் கிழித்தேன். கர்த்தருக்குக் கொடுத்த பெண்ணை வீட்டுக்குக் கூப்பிடுவது சோதனைக்குட்படுத்துவது ஆகாதா என்று ஒரு பயம். என் தனிமைதான் உன் நலம் என்ற வேஷம் போட்டுக்கொண்டு பேசுகிறதோ என்று இன்னொரு பயம். இரண்டும் இன்னும் போகவில்லை. போன வாரம் ஒன்று நடந்ததால் எழுதுகிறேன்.

இசுல் ஐவரும் நேரலையில் வந்தார்கள். நாரே பேசும் முறை வந்தபோது நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். கெட்ட செய்தி மெதுவாக வரட்டும் என்று. கீழே ஓடிய ஆங்கில எழுத்தில் படித்தேன். நிறுவனம் தன்னைக் கேட்டதாகவும், தானும் நிறுவனத்தைக் கேட்டதாகவும் சொன்னாள். மற்ற நால்வரோடு இசுலில் தொடர்கிறாள். ஆனால் விடுதியில் இருக்கமாட்டாள். தன் சொந்தப் பாட்டுகளை வேறிடத்தில், தன் விருப்பப்படி செய்வாள். இப்படிச் செய்துகொள்வது அங்கே நடப்பில் உள்ளதுதானாம். நான்தான் இருப்பது, போவது என்று இரண்டு கதவு மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கேட்கிறேன். இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியாது. ஈப்போவுக்குப் போக உனக்கு விருப்பமா? விருப்பம் என்றால் நானே கொண்டுவந்து விடுகிறேன். நெடுஞ்சாலையில் ஓட்ட எனக்குப் பயம், குணாளனைக் கூப்பிட்டுக்கொள்வேன். இல்லையென்றால் பின்னறை இருக்கிறது. காலையில் வெயில் வரும். என் ஆசையைக் கேட்டால், நீ இங்கே இருக்க வேண்டும் என்பதுதான். அதைக் கணக்கில் எடுக்காதே. எடுத்தாலும் சரி.

உன் அண்ணன்,
அமலதாஸ்

•

ரெங்கம்,
23 நவம்பர் 2025

என் அருமை அண்ணனுக்கு,

இன்று கிறிஸ்து அரசர் பெருவிழா. கையில் உறுதியான பதில் வரும் வரை எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். நீங்கள் இரண்டு மாதமும் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள் என்று தெரியும். மன்னியுங்கள்.

எங்கள் சபையின் மாகாணத் தலைவி மதர் ஷரோன் மடத்தை மூடும் வேலையாக வந்திருந்தார். ஓராண்டு அண்ணன் வீட்டில் தங்க அனுமதி வேண்டும் என்று கேட்டேன். சபையை விட்டே போகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார் பாவம், முகம் வெளுத்துவிட்டது. அப்படி இல்லை என்று விளக்கினேன்.

“இத்தனை வருஷத்துல நீங்க ஒண்ணுமே கேட்டதில்லையே, சிஸ்டர்” என்றார்.

“நீங்களும் என்னைக் கேட்டதில்லையே, மதர்” என்றேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எனக்கு எட்ட வேண்டும் என்று சத்தமாகவே கேட்டார். சமையலறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“சிஸ்டர் கெர்ட்ரூட், எங்களோட இருக்க உங்களுக்கு இஷ்டமா?”

“இஷ்டம்தான்” என்றேன்.

வேறு என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை, துக்கம் அல்ல. மதர் ஆலோசனைக் குழுவிடம் கேட்டு, நேற்று எழுத்தில் அனுமதி வந்தது. ஓராண்டுக்கு. முடியும்போது மறுபடி கேட்பார்களாம்.

இனி என் பக்கத்து நிபந்தனைகள். நான் உங்களுக்குச் சமைக்க வரவில்லை. பாதி நாள் நீங்கள், பாதி நாள் நான். காலை ஜெபத்தில் நீங்களும் உட்கார வேண்டும். எனக்குப் பாட்டு கேட்காது, நீங்கள் சரியாகப் பாடினால் உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். உங்கள் பங்கில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும் வேலையைச் சாமியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மதியம் நான் வீட்டில் இருக்கமாட்டேன், தேட வேண்டாம். மாதம் ஒருமுறை என் சகோதரிகளிடம் போய் வருவேன். மாலையில் அந்த ஐந்து பெண்களையும் எனக்குக் காட்ட வேண்டும். ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் அல்லவா.

டிசம்பர் 13, சனிக்கிழமை மதியம் எங்கள் வேன் கொண்டுவந்து விடும். ஒரே ஒரு பெட்டிதான். இவற்றுக்கெல்லாம் உங்களுக்குச் சம்மதமா என்று நானும் கேட்க வேண்டுமே. பதிலைத் தபாலில் போடாதீர்கள். கதவைத் திறந்ததும் சொல்லுங்கள். வலது காதுப் பக்கம் நின்று, கத்தாமல்.

உங்கள் தங்கை,
கெர்ட்ரூட்