பின் போர்ஷன் ஒயர்

1988 பிப்ரவரி 8, திங்கள்
அம்பத்தூர் கம்பெனியில் இன்னிக்கும் என் மிஷின் கத்திக்கினே இருந்துச்சு. ஓடுற ஒயருக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கிற வேலை. ஸ்பார்க் டெஸ்ட்டு. மேல் தோலு, அதான் இன்சுலேஷன், அதுல ஊசி ஓட்டை இருந்தாலும் பஸ்ஸர் அலறும். அலறுன இடத்துல சிவப்பு டேப் சுத்தணும். டேப் நிறைய விழுந்தா அந்த ஒயர் சுருளு, காயிலு, ரிஜெக்ட். "உன் மாமியாருக்குக் கூட இவ்ளோ தொண்டை இல்லடி"ன்னேன் பக்கத்து மிஷின் பஞ்சவர்ணத்துகிட்ட. விழுந்து விழுந்து சிரிச்சா.

ஊட்டுக்காரரு எங்க கம்பெனி ரிஜெக்ட் காயில் ரெண்டு வாங்கியாந்தாரு. துணிக்கொடி கட்டவாம்.

பிப்ரவரி 13
எங்க ஊட்டுப் பின் போர்ஷனுக்கு வாடகைக்கு ஆள் வந்தாச்சு. நசீம் பானு, தையக்காரரு அவ புருசன், ஒரு குழந்தை. சுவத்தைப் பிடிச்சுகினு நடக்குது, வாலு.

பிப்ரவரி 14
பின்னாடி குப்பையில் சிவப்பு டேப்புங்க. நான் சுத்துன டேப்பு! உரிச்சுப் போட்டுட்டு அதே ஒயரை அவங்க சுவத்துல கரண்டுக்கு அடிச்சு வெச்சிருக்காரு ஊட்டுக்காரரு. முன்னாடி, எங்க போர்ஷனுக்கு மட்டும் நல்ல காயில்!

கேட்டா, "வாடகை ஊட்டுக்கு இது போதும்டி. அவங்க இன்னா உன் அக்கா தங்கச்சியா?"

மனுசனா இது? போய் பின்பக்க மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணேன்.

பிப்ரவரி 15
வேலை விட்டு வந்தா பின்னாடி லைட் எரியுது! நான் பஸ் ஏறுனதும் மெயினைப் போட்டுட்டாரு. நான் எதுக்கு அந்த மிஷின்கிட்ட நாள் பூரா நிக்கிறேன்?

ஆஃப் பண்ணிட்டு நசீமைக் கூப்பிட்டேன். "முன்னாடி வந்துடும்மா."
"ஏங்க்கா?"
"உன் பக்கம் ரிஜெக்ட் ஒயரு. புள்ளை சுவத்தைத் தொட்டா ஷாக் அடிக்கும்." மறைக்கலை.

எங்க கட்டில், பாத்திரம் எல்லாம் பின்னாடி போயிடுச்சு. ஊட்டுக்காரரு குதிச்சாரு. "இன்னாடி இது, என் ஊட்டுல எனக்கே எடம் இல்லையா?"
"இதுவே போதும்னியே ராசா. தோ மெயினு. போடு."

கிட்டயே போவலை. மெழுகுவத்தி தேடுறாரு! தன் தலைன்னா மட்டும் தெரியுது. அந்தப் புள்ளை தலைன்னா போதுமா?

பிப்ரவரி 17
இருட்டு. ஃபேன் இல்லை. சோத்துல உப்பும் இல்லை.

பிப்ரவரி 21, ஞாயிறு
எலக்ட்ரீசியன் உத்தமன் வந்து பழைய ஒயரை உருவிட்டுப் புது ஒயர் போட்டான். ஊட்டுக்காரரே அவனைக் கூட்டியாந்து ஏணி பிடிச்சாரு.

நசீம்கிட்ட, "இனிமே பின்னாடி பயமில்ல, வாம்மா"ன்னேன்.
குழந்தையை இழுத்து இடுப்புல வெச்சுகினா. "நாங்க இங்கயே இருந்துக்கறோமேக்கா."

வற்புறுத்தலை. எந்த வாயால சொல்றது?

எங்க சாமி படம் மட்டும் முன்னாடி இருந்துச்சு. எடுத்தாந்தேன். ஊட்டுக்காரரு அதை மாட்ட பின் ஊட்டுச் சுவத்துல ஆணி அடிச்சாரு.