தப்பாக மாட்டிய பெல்ட்

ஸ்மரண்டா,

அடுப்பில் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மாலே இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. கார் சாவி கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

நேற்று மலைப்பாதையில் என்ஜின் கொதித்து நின்றதற்குக் காரணம் நான்தான். காலையில் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை புது பெல்ட்டை மாட்டும்போது என்ஜினில் அது ஓடும் சின்னச் சக்கரம் ஒன்றில் மாற்றிச் சுற்றியிருக்கிறேன். என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் தலைகீழாகச் சுழன்றிருக்கிறது. "பானெட்டுல ஒட்டியிருக்கற பெல்ட் படத்த ஒரு தடவ பாத்துக்கங்க" என்று அன்றே சொன்னாய். "எனக்குத் தெரியும், போ" என்றேன்.

வழியிலும் "சூட்டு முள்ளு மேல ஏறுது, நிறுத்தட்டா?" என்று கேட்டாய். நான்தான் ஓட்டச் சொன்னேன். வண்டி நின்றதும், கூட வந்த உன் அண்ணன் டோரின் முன்னாலேயே, "உனக்கெல்லாம் எதுக்கு ஸ்டியரிங்?" என்று கத்தினேன். நீ இறங்கி ஓரமாக நின்றாய். அது கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்போது படத்தில் உள்ளபடி மாட்டிவிட்டேன். ரொம்ப நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், சூடு ஏறவில்லை.

டோரின் முன்னால் திட்டிவிட்டு உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பது சரியில்லை. உண்மையைச் சொல்ல அவர் வீட்டுக்கே பஸ்ஸில் போகிறேன்.

லிவியு

பி.கு.: அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். சாயங்காலம் நீ காரை எடுத்துவந்து என்னைக் கூட்டிப்போகிறாயா? மனமில்லை என்றால் வேண்டாம், பஸ் இருக்கிறது.